உமக்கு மட்டுமே தெரியும்

கண்ணை மூடுவதற்கு முன் அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த பிறகுதான் இமை இறங்கும். இறங்கினாலும் முழுதாக ஒட்டாது. கீழே ஒரு கீற்று வெள்ளை தெரிந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து, பக்தி முற்றினால் கண் அப்படித்தான் ஆகும் போல என்று நினைத்திருக்கிறேன்.

தெருவில் அவருக்குப் பெயர் ஜெபத்தக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. 'அவர்' என்று எழுதுவதுகூட எனக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த மரியாதை. அவர் சம்பாதித்தது இல்லை.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி நாலைந்து தெருக்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள். தெருவுக்கு ஒரு ஜெபக் குழு உண்டு, அதை அன்பியம் என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவோம். ஒரு பாட்டு, ஒரு வாசகம், வாசித்ததைப் பற்றி நாலு வார்த்தை, பிறகு மன்றாட்டு, கடைசியில் சுண்டலும் காப்பியும். மன்றாட்டு என்றால் யாராவது ஒருவர் ஒரு தேவையைச் சொல்லி, "உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். மழைக்காக, நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. எங்கும் நடப்பதுதான்.

எங்கள் தெருவில் அது வேறு மாதிரி நடந்தது. அவர்தான் பொறுப்பாளர். அவருடைய வீட்டுக்காரர் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஜெபத்தக்கா பெரிய ஜெபக் குழு நடத்தினாராம். எதற்கெடுத்தாலும் அதுதான்.

"குவார்ட்டர்ஸ்ல இருக்கையில ஜெபம்னா ஜெபம். அங்கன ஒவ்வொருத்தரும் உருகி உருகிச் சொல்லுவாக. இங்கன ஒங்களுக்கெல்லாம் வாயே தொறக்க மாட்டேங்குது. இந்தத் தெருவோட ஆன்மிக வளர்ச்சிக்கு நான்தான ஆண்டவர்கிட்ட பதில் சொல்லணும்?"

வளர்ச்சிக்கு அவர் வைத்திருந்த வழி மிகவும் எளிது. வாரம் முழுக்க வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று, "ஜெபத்துக்கு ஏதும் கருத்து இருக்கா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நம் கையைப் பிடித்துக்கொள்வார். மெத்தென்ற, எப்போதும் கொஞ்சம் ஈரமான கை. எஸ்டேட்டில் நாள் பூராவும் குனிந்து ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த பெண்களின் கையை வேறு யாரும் அப்படிப் பிடித்ததில்லை. பிடித்ததும் அழுதுவிடுவார்கள். அழுதால் சொல்லிவிடுவார்கள். சொன்னது வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

வருவதற்கு ஒரு முறை இருந்தது. குரல் ஒரு படி ஏறும். பேச்சு வழக்கிலிருந்து திடீரென்று கோயில் தமிழுக்குப் போய், பாதியிலேயே மறுபடி தெருவுக்கு இறங்கும். எப்போதும் ஒரே தொடக்கம்.

"ஆண்டவரே, உமக்கு மட்டுமே தெரியும்."

அதைச் சொல்லி முடித்த ஐந்தாவது நிமிடம் தெருவுக்கே தெரியும்.

ஸ்டெல்லா மதினி எங்கள் எதிர்வீடு. கல்யாணமாகிச் சில வருடம் பிள்ளையில்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அண்ணனும் அவரும் தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த வாரத்தில் ஜெபத்தக்கா கையைப் பிடித்தார். அந்த வெள்ளிக்கிழமை நானும் கூட்டத்தில் இருந்தேன்.

"ஆண்டவரே, உமக்கு மட்டுமே தெரியும். இந்தத் தெருவிலே ஒரு தம்பதி. பேரு வேண்டாம் ஆண்டவரே. லோடு ஆட்டோ ஓட்டுற அந்தத் தம்பிகிட்டத்தான் குறைன்னு டாக்டர் சொல்லிட்டாக. அந்தப் பிள்ளைக்குப் பொறுமையக் கொடும். உம்மை மன்றாடுகிறோம்."

எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு லோடு ஆட்டோ. அது அப்போது வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அதன் மேல் சாய்ந்து நின்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரும் பதில் சொன்னார்கள். வாய் பழகிப்போயிருந்தது. ஸ்டெல்லா மதினியும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு முகம் மாறியது.

அண்ணன் ஆட்டோவை விற்றுவிட்டுக் குமுளிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் டிரைவர் வேலைக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். வந்தாலும் பூசைக்குக் கோயிலுக்குள் வருவதில்லை, வெளியே கொடிமரத்துப் பக்கம் நிற்பார். மதினியின் தாயார் ஒரு நாள் பொறுக்காமல் போய், எதுக்குக்கா இப்படிப் பண்ணுன என்று கேட்டதற்கு ஜெபத்தக்கா உண்மையிலேயே திகைத்துப்போனாராம்.

"மனுசங்ககிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்டத்தான சொன்னேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் கொஞ்சமாவது மதித்திருப்பேன். அவர் செய்வது புறணி என்று அவருக்கே தெரியாது. ஜெபம் என்ற மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன இருந்தாலும் அது பிரசாதம் என்று நம்பினார்.

போன் வந்த பிறகு இன்னும் வசதியாகிவிட்டது. அன்பியத்துக்கு ஒரு வாட்ஸப் குழு. காலையில் ஜெபமாலை முடிந்த கையோடு அவருடைய குரல் பதிவு வந்து விழும். பின்னால் குக்கர் விசில் கேட்கும். "ஆண்டவரே, உமக்கு மட்டுமே தெரியும்" என்று ஆரம்பித்து, மூட்டுவலிக்காரர் ஒருவர், குடியை விட்டு மறுபடி பிடித்தவர் ஒருவர், மாமியாருக்குச் சோறு போடாத மருமகள் ஒருத்தி என்று போகும். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழும். தன்னைப் பற்றிய பதிவுக்குத் தானே கும்பிடு போட்டவர்களும் உண்டு. போடாவிட்டால் காட்டிக்கொடுத்துவிடுமே.

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு இளம் சாமியார் எங்கள் கோயில் பங்குக்கு வந்தார். அவர் பேச்சு ரொம்பக் குறைவு. அன்பியங்களுக்கெல்லாம் வந்து ஒரு புதுப் பழக்கம் சொன்னார். வாசகம் முடிந்ததும் நடுவில் ஒரு மெழுகுதிரியை வைத்துக் கால் மணி நேரம் யாரும் எதுவும் பேசாமல் உட்கார வேண்டும். மூச்சைக் கவனிக்கலாம், வாசகத்தில் ஒரு வரியை எடுத்து மனதுக்குள் மெல்லலாம். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் கடவுளுக்கு முன்னால் சும்மா இருப்பதும் ஜெபம்தான் என்றார். எனக்கு அது பிடித்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீடு ஒரே அறை, எப்போதும் சத்தம். எதையும் தனியாக யோசித்துப் பழக்கமில்லை. கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடம் எனக்கு முதலில் கிடைத்தது அந்த மெழுகுதிரிக்கு முன்னால்தான்.

ஜெபத்தக்காவுக்கு அது சித்திரவதை. முதல் வாரம் பெருமூச்சு விட்டார். அடுத்த வாரம் இருமல். பிறகு, "இயேசுவே... இயேசுவே..." என்று முனகல். சாமியார் இல்லாத வாரங்களில் கால் மணி நேரம் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்குகிற நேரத்துக்குச் சுருங்கியது. ஆனாலும் வீணாக்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நேரம் அவருக்கு வசதியாக இருந்தது. அந்த வெள்ளைக் கீற்று வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். மௌனத்தில் யாருக்காவது கண்ணில் தண்ணீர் வந்தால் முடிந்தது. மறுநாள் அழுதவர் வீட்டு வாசலில் ஜெபத்தக்கா நிற்பார்.

"நேத்து அழுதியே ஆத்தா. சும்மா வராதே கண்ணீர். என்னன்னு சொல்லு, ஜெபத்துல வச்சுக்கிருவோம்."

கொஞ்ச நாளில் எங்கள் தெருப் பெண்கள் கடவுளுக்கு முன்னால் அழுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

என் அம்மா ஜெபிப்பதை நான் ஒரு முறைதான் கவனித்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் விடுமுறையில் அவளோடு எஸ்டேட்டுக்குப் போனபோது. இருட்டோடு ஜீப் கிளம்பும். உள்ளே நசுங்கி உட்கார்ந்த பெண்கள். மலை ஏற ஆரம்பித்ததும் எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. அம்மா முந்தானைக்குள் கையை விட்டு ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படித்தான். உதடுகூட அசையவில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்து, மணியை மட்டும் விடவில்லை. ஜெபத்தக்காவுக்கு இதெல்லாம் கணக்கில்லை. "ஒங்க அம்மாவுக்கு வாய்விட்டு ஜெபிக்க வரல. இன்னும் வளரணும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ப்ளஸ் டூ முடித்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்க, விடுதியோடு இடம் கிடைக்கிற மாதிரி இருந்தது. அப்பா திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவர். எந்தக் கொடியை எவ்வளவு விட்டு வெட்டினால் அடுத்த பருவத்துக்குக் காய்க்கும் என்று அவருக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளையை எவ்வளவு விடலாம் என்பதில்தான் குழப்பம். பெரியப்பா வேண்டாம் என்றார். அப்பா நாலு நாள் யோசித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"போ. ஆனா ஊருக்குள்ள ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அன்னைக்கே படிப்பு நின்னுச்சு. அதுக்கப்புறம் என்னைய ஒன்னும் கேக்காத."

சான்றிதழ் சரிபார்க்கத் தேனிக்குப் போன நாளில்தான் அது நடந்தது. என்னோடு படித்த கோம்பைப் பையன் ஒருவனும் அதே வேலைக்கு வந்திருந்தான். முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, வெயிலில் ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம். அவன் ஏதோ சொல்ல நான் சிரித்தேன். தலையைத் திருப்பினால் கம்பம் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஜெபத்தக்கா. அவர் கையை ஆட்டவில்லை. தலையை மட்டும் மெதுவாக, இரக்கமாக ஆட்டினார். அதே பஸ்ஸில்தான் நானும் ஏற வேண்டியிருந்தது. இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"ஒனக்காக ஜெபிக்கிறேன் ஆத்தா."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை அன்பியம் எங்கள் வீட்டு முறை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். டிவியில் ஏதோ ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது, சத்தமாக. அவர் கையில் போன். வீட்டுக்காரர் பின்கட்டில் இருந்தார். நான் பேச வேண்டும் என்றதும் டிவியை அணைத்தார். வீடு நிசப்தமானது. அவரால் அந்த நிசப்தத்தில் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. மறுபடி போட்டு, சத்தத்தை மட்டும் குறைத்தார். இந்தத் தெருவுக்கே தியானம் சொல்லிக்கொடுக்கிறவர்.

"பெரியம்மா, வெள்ளிக்கிழமை என்னையப் பத்தி ஒன்னும் ஜெபிக்க வேணாம்."

"ஜெபம் வேணாம்னு சொல்ற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்."

"அந்தப் பையன் கூடப் படிச்சவன். சர்டிபிகேட் பாக்க வந்தான். அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? தூரத்துல இருந்து பாத்தேனா, ஒங்க மாமன் மகனோன்னு நெனச்சேன். சொந்தம் இல்லையா அப்ப? எந்த ஊரு?"

நான் எழுந்துவிட்டேன். கோம்பை என்பது அதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அந்தப் பையனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுண்டலுக்குக் கடலை ஊறப்போட வேண்டும் என்றாள், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் படிப்பு போகப்போகிறது, இவள் கடலையை நினைக்கிறாள் என்று.

வெள்ளிக்கிழமை எங்கள் ஒற்றை அறை நிறைந்துவிட்டது. இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி ஜெபத்தக்காவுக்கு. பெண்கள் தரையில். அப்பாவும் இன்னும் சில ஆண்களும் வழக்கம்போல வாசற்படியில் நின்றார்கள். பாட்டு முடிந்தது. வாசகம் நான்தான் வாசித்தேன். சாமியார் வராத வாரம், அதனால் மெழுகுதிரியை ஏற்றியதும் அணைக்காத குறையாக ஜெபத்தக்கா மௌனத்தை முடித்துவிட்டார். பிறகு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாசற்படியில் அப்பாவிடம் கண் கொஞ்சம் நின்றது. இமை இறங்கியது.

"ஆண்டவரே, உமக்கு மட்டுமே தெரியும். இந்த வீட்டுப் பிள்ளை. பேரு வேண்டாம் ஆண்டவரே. படிக்கப் போறேன்னு போகுது. தேனி பஸ் ஸ்டாண்டுல ஒரு கோம்பைப் பையனோட நின்னு சிரிக்குது. சொந்தமுமில்ல, சாதிசனமுமில்ல. இங்கன இருக்கையிலேயே இப்படின்னா, மதுரைக்குப் போனா யாரு பாக்கப் போறாக? பச்ச மண்ணு ஆண்டவரே. தகப்பனோட கண்ணத் தொறந்தருளும். உம்மை மன்றாடுகிறோம்."

சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

பதில் வரவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தாமதமாகச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அடுப்புப் பக்கம் சுண்டல் சட்டியின் மூடி லேசாக அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டெல்லா மதினி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு இறுக மூடியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் உதடும். அம்மா மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபத்தக்காவின் கண் திறந்தது. "உம்மை மன்றாடுகிறோம்" என்று இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். வாசற்படியிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் மட்டும், "ஆண்டவரே, எங்க..." என்று ஆரம்பித்தார். தன் குரல் தனியாகக் கேட்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் பதில் சொன்னால்தான் அது கூட்டத்தின் மன்றாட்டு. பதில் இல்லாவிட்டால் அது ஒரு பொம்பளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசிய பேச்சு. அது அவருக்குத் தெரியும். அத்தனை வருடம் நடத்தியவருக்குத் தெரியாதா? மூன்றாவது முறை வாயைத் திறந்து, சொல் வராமல் மூடினார். கழுத்து வியர்த்திருந்தது. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் இன்னொரு மனுஷியின் தவிப்பை நான் அவ்வளவு நிம்மதியாகப் பார்த்ததில்லை.

அம்மாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"யக்கா, சாமியார் சொன்னாகல்ல, மௌனம். இப்பத்தான் நமக்கு வந்திருக்கு. கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்."

இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மெழுகு உருகி வழிந்தது. யாரோ ஒருவர் அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அம்மா, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று மெல்ல ஆரம்பிக்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. வாய்விட்டு ஜெபிக்க வராதவள்.

அப்பா மறுநாள் காலையில் கவாத்துக் கத்தரியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பையனுக்கும் சீட்டு கெடைக்குமா?"

"கெடைக்கும்ப்பா. அவனுக்கு திண்டுக்கல்."

"ம்." கத்தரியைத் திறந்து மூடிப் பார்த்தார். "ஊருல ஒருத்தரும் ஒன்னும் சொல்லலையே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவிடம் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் ஒரு வார்த்தை சொன்னதாகச் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததாம். என்ன சொன்னாய் என்றேன். "அவுக என் மகளைச் சொல்லையில வாயைத் தொறக்காதீகன்னேன். ஸ்டெல்லாதான் மொதல்ல சரின்னுச்சு" என்றாள்.

சனிக்கிழமை காலையிலேயே வாட்ஸப் குழுவில் ஜெபத்தக்காவின் குரல் பதிவு வந்தது. அதே மன்றாட்டு, இன்னும் உருக்கமாக, குக்கர் விசிலோடு. எல்லாரும் கேட்டுவிட்ட அடையாளமாக அவர் போனில் நீலக் கோடுகள் விழுந்திருக்கும். ஒரு கும்பிடுகூட விழவில்லை. மதியத்துக்குள் பதிவை அவரே நீக்கிவிட்டார்.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பெண்களுக்கு ஒன்று தெரிந்துபோனது. அதற்குப் பிறகு பிடித்ததற்குப் பதில் சொன்னார்கள், பிடிக்காததற்கு வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர் தன் வீட்டுக்காரரின் முழங்கால் வலிக்காக வேண்டினாராம். அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லையாம். அது சரியில்லை என்று அம்மா விடுதிக்கு போன் பண்ணும்போது வருத்தப்பட்டாள். நான் சிரித்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன தவக்காலத்தில். நான் படிப்பை முடித்து, மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுப்பில் வந்திருந்த வெள்ளிக்கிழமை அன்பியம் ஸ்டெல்லா மதினி வீட்டில். ஜெபத்தக்காவுக்கு ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான். அந்த வாரம் இவரும் வீட்டுக்காரரும் முறுக்கும் அதிரசமும் சுட்டுக்கொண்டு அங்கே ஒரு மாதம் தங்கப் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். முறுக்கு டின்னைப் பிரிக்காமலே அவர்கள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதை அம்மாவே பார்த்தாள். மகன் வாசலில் நிறுத்தி வைத்துப் பேசி அனுப்பிவிட்டான் என்று தெருவுக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். தெருவுக்கு அந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

அன்று அவர் கண்ணை மூடவே இல்லை. முதல் முறையாக நான் அவருடைய இரண்டு கண்ணையும் முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய வாயிலிருந்து வரப்போகிறது என்று. வாசகத்தை நான் வாசித்து முடித்தேன். மன்றாட்டு நேரம் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நீ சொல்லு, படிச்ச பிள்ள" என்றார் மதினி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும்.

என்னிடம் அது தயாராக இருந்தது. ஆண்டவரே, உமக்கு மட்டுமே தெரியும். இந்தத் தெருவிலே ஒரு தாய். பேரு வேண்டாம். ஒரு சொல்கூடத் தேட வேண்டியதில்லை, அவர் வழியில் அவரைவிட நன்றாகவே சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பதில் வந்திருக்கும். ஸ்டெல்லா மதினியே உரக்கச் சொல்லியிருப்பார்.

பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் காலத்தோடு வர வேண்டும், முதல் போகத்துக்கு நாற்று கருகக்கூடாது என்று வேண்டினேன். உம்மை மன்றாடுகிறோம் என்று முடித்தேன். எல்லாரும் பதில் சொன்னார்கள். அவர் குரல்தான் மற்ற எல்லாருடையதற்கும் மேலே கேட்டது.

அவர் மேல் இரக்கப்பட்டேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. அவர் மாதிரிக் கண்ணை மூட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் வந்து என் கையைப் பிடித்தார். அதே மெத்தென்ற, ஈரக் கை. கண் கலங்கியிருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கு வரன் ஏதும் பாக்குறாகளா ஆத்தா? இல்ல, நீயா யாரையும்... சும்மாத்தான் கேட்டேன். ஜெபத்துக்கு."

கையை உருவிக்கொண்டு, என் செருப்பைத் தேடினேன்.